பசிக்கேல்லை மோனை: முகாம் முதியோருக்கான கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களில் பிறந்தவர்களும், கைக்குழந்தையாக வள்ளத்தில் வந்து இங்கே வளர்ந்தவர்களுமான நாங்கள், எங்கள் வீட்டு முதியவர்களுக்காக இந்தச் சாசனத்தை எழுதுகிறோம். தமிழ்நாடு அரசுக்கும் ஒன்றிய அரசுக்கும் இலங்கை அரசுக்கும் எழுதுகிறோம். எங்களைச் சுற்றி வாழும் ஊர் மக்களும் இதைப் படிக்க வேண்டும். கரையேறிய எங்கள் பெற்றோருக்கு முதலில் சோறு போட்டவர்கள் அவர்கள்தான்.

எங்கள் வீட்டு முதியவர்களிடம் ஒரு நாளில் பலமுறை கேட்கும் சொல், "பசிக்கேல்லை மோனை": பசிக்கவில்லை, பிள்ளை. காலையில் ஒரு தேத்தண்ணி. பதினொரு மணிக்குப் பேத்தி மிச்சம் வைத்த இட்லியில் பாதி. மத்தியானம் தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்துவிட்டுக் கோழிக்குக் கொட்டிவிடுவது. இரவில், "நேரத்தோட படுக்கப்போறன்." சின்ன வயதில் இதைப் பாசம் என்று நினைத்தோம். தன் பங்கைப் பேரனுக்கு ஒதுக்குகிறார் என்று பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டோம். வளையல் முழங்கை வரை ஏறியது. சட்டை தோளிலிருந்து நழுவியது. "வயசானால் அப்படித்தான்" என்றோம். அரசுகளிடம் கேட்பதற்கு முன் எங்கள் தவறை ஒப்புக்கொள்கிறோம்: ஒரே கூரையின் கீழ் இருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை.

மனம் சோர்ந்தால் பசி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உடம்பில் சத்துக் குறைந்தால் மனமும் சோர்ந்துவிடும் என்பது அந்த அளவுக்குத் தெரியாது. இரும்புச்சத்தும் புரதமும் பி12 வைட்டமினும் குறைந்த உடம்பு களைத்துப்போகிறது. களைத்த உடம்பு எழுந்து வெளியே போக மறுக்கிறது. வெளியே போகாதவருக்குப் பேச்சு இல்லை, பேச்சு இல்லாதவருக்குச் சாப்பாட்டில் பிடிப்பு இல்லை. ஒன்று மற்றதைக் கிணற்றுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அரசுக் கோப்புகளில் இவை இரண்டும் வெவ்வேறு. அரிசி ஒரு துறை, மருந்து ஒரு துறை, மனநலம் ஒரு துறை, வெளிநாட்டவர் பதிவு இன்னொரு துறை. அம்மம்மா ஒருவர்தான். அவருடைய நோயும் ஒன்றுதான். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒரு உண்மையிலிருந்து பிறந்தவை.

முதலில் அளந்து பாருங்கள்

2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்ட கணக்கின்படி, 108 முகாம்களில் 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறோம். 1983இலும் 1990இலும் நடுவயதில் கடல் கடந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். 1983இல் இருபது வயதில் வந்தவர்களும் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். முகாம்களின் முதல் தலைமுறை பெரும்பாலும் முதுமைக்குள் வந்துவிட்டது. முகாம்வாரியாக அறுபது வயதைக் கடந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் தனியாக வாழ்பவர்கள் எத்தனை பேர், படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலை எடுத்து வெளியிடக் கோருகிறோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு முதியவரின் ஊட்ட நிலையையும் அளக்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். கூன் விழுந்தவரை நிமிர்த்தி உயரம் அளக்க முடியாது. அதனால்தான் முதியவர்களுக்கு மேற்கைச் சுற்றளவும் கெண்டைக்கால் சுற்றளவும் அளக்கிறார்கள். மேற்கை 21 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் ஆபத்து. கெண்டைக்கால் 31 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தசை கரைந்துகொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். தையற்காரரின் நாடா ஒன்று போதும். அங்கன்வாடியில் எங்கள் குழந்தைகளின் கையை அப்படித்தான் அளக்கிறார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகும் பாட்டியின் கையையும் அதே நாடாவால் அளந்தால் என்ன?

தட்டில் என்ன இருக்கிறது

அரிசி கிடைக்கிறது. இதை நன்றியோடு சொல்கிறோம். கிலோ 57 காசுக்கு அரிசி வாங்கிய காலத்தை எங்கள் தாய்மார் மறக்கவில்லை. 2021இல் மாதாந்திரப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயாகவும் மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. ஆயிரத்தை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். அதற்குள் காய், பருப்பு, பால், மீன், கைவலித் தைலம், பேருந்துக் கட்டணம் எல்லாம் அடங்க வேண்டும். முதியவர் என்ன செய்கிறார்? அரிசி இருக்கிறது, சோறு வடிக்கிறார். ரசமோ புளித்தண்ணியோ ஊற்றிக்கொள்கிறார். பல் இல்லாத வாய்க்கு அதுவே இறங்கும்.

வயதானவர்களுக்குத் தங்கள் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாத புரதம் ஒவ்வொரு நாளும் வேண்டும் என்று ஊட்டச்சத்து மருத்துவர்கள் சொல்கிறார்கள். 45 கிலோ எடையுள்ள ஒரு தாய்க்கு 45 கிராம். அவர் நாள் முழுக்கச் சாப்பிடும் சோறு 150 கிராம் அரிசி என்றால், அதில் பத்துப் பன்னிரண்டு கிராம் தேறும். ஒரு முட்டை ஆறு கிராம் தரும். மீதி எங்கிருந்து வரும்? வயிறு நிறைந்தது போலிருக்கும், கால் மட்டும் மெலிந்துகொண்டே போகும். ஒரு நாள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவார். இடுப்பு எலும்பு முறியும். பிறகு எழமாட்டார். எங்கள் முகாம் வரிசைகளில் இப்படிப் போனவர்களை எங்களுக்கு வீடு வீடாகச் சொல்லத் தெரியும்.

ஆகவே, அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு முட்டை, முட்டை சாப்பிடாதவருக்கு ஈடாகப் பாலும் சுண்டலும், மாதம் இரண்டு கிலோ பருப்பு, இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கக் கோருகிறோம். கேழ்வரகைக் குறிப்பிட்டுக் கேட்கக் காரணம் உண்டு. இலங்கையில் அதைக் குரக்கன் என்பார்கள். குரக்கன் புட்டும் குரக்கன் கூழும் தெரியாதவர் வட இலங்கையின் வன்னியில் யாரும் இல்லை. உணவைப் பட்டியல் போடும் அதிகாரி ஒருமுறை இந்த முதியவர்களோடு உட்கார்ந்து, ஊரில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பார்க்கட்டும். பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ் என்ற சொல்லைக் கேட்டதும், ஒரு வாரமாக வாய் திறக்காத தாத்தா எழுந்து உட்கார்ந்து, நண்டு எப்போது போட வேண்டும், பயிற்றங்காய் எப்போது போட வேண்டும் என்று சொல்லத் தொடங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அன்று அவர் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார். பசி நாக்கில் இருக்கிறது என்பார்கள். எங்கள் முதியவர்களுக்கு அது நினைவிலும் இருக்கிறது. முருங்கையும் கீரையும் பயிற்றங்காயும் போட ஒவ்வொரு முகாமிலும் கொஞ்சம் நிலமும் தண்ணீர்க் குழாயும் ஒதுக்குங்கள். நடுவதை அவர்களே நட்டுக்கொள்வார்கள்.

தமிழ்நாட்டில் 1982இல் தொடங்கிய சத்துணவுத் திட்டம் அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிக்கப்பட்டது. மத்தியானம் சத்துணவுக் கூடத்தில் ஒரு முதியவர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பது இந்த மாநிலம் கண்ட நல்ல வழி. அதையே முகாமுக்குள் கொண்டுவாருங்கள். பிள்ளைகள் காலை ஏழு மணிக்குப் பெயிண்ட் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மருமகள் கடைக்கோ கம்பெனிக்கோ போகிறாள். பத்துக்குப் பத்து அறையில், தகரச் சூட்டில், தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எவ்வளவு சாப்பிடுவார்? ஒவ்வொரு முகாமிலும் மத்தியானம் முதியவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பொதுச் சமையல் வேண்டும். சமைப்பதற்கு எங்கள் பெண்களையே கூலிக்கு அமர்த்துங்கள். நடக்க முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்கு அனுப்புங்கள். இந்தச் சாசனத்தில் ஒன்றை மட்டும் நிறைவேற்ற முடியும் என்று யாராவது சொன்னால், இதைத்தான் கேட்போம்.

பணக்கொடையை விலைவாசியோடு சேர்த்து ஆண்டுதோறும் உயர்த்த வேண்டும். முதியவரின் பங்கு அவர் கையிலோ அவர் கணக்கிலோ நேரே சேர வேண்டும். முதியோர் ஓய்வூதியம் கிடைக்கிறது என்பதற்காக வேறு எந்த உதவியும் குறையக் கூடாது.

"ஒரே யோசினை"

எங்கள் முதியவர்களிடம் போய் "உங்களுக்கு மன அழுத்தம் இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள். அந்தச் சொல் அவர்களுடையது இல்லை. "ஒரே யோசினை", "நித்திரை வருகுதில்லை", "நெஞ்சுக்குள்ள எரியுது", "இருந்தென்ன, போயென்ன" என்பவைதான் அவர்களுடைய சொற்கள். யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போர் மக்களின் மனத்தில் விட்ட காயத்தைப் பற்றித் தமிழிலேயே 'மனவடு' என்ற நூலை எழுதினார். காயம் ஆறினாலும் வடு போகாது. அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்கம் வேண்டியிருக்காது.

அவர்கள் எதை யோசிக்கிறார்கள் என்று எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். பேசாலையிலிருந்தோ தலைமன்னாரிலிருந்தோ ஏற்றிவந்த வள்ள ஓட்டி, இந்தியக் கரையான அரிச்சல்முனை வரை வராமல் நடுக்கடல் மணல் தீடையில் இறக்கிவிட்டுப் போன இரவு. தண்ணீர் கேட்டு அழுத குழந்தை. கூட்டிவர முடியாமல் விட்டுவந்த தாய். 2009இல் போர் முடிந்த பிறகு இன்றுவரை எந்தச் செய்தியும் வராத மகன். இறந்தான் என்று தெரிந்தால் ஒரு நாள் அழுது முடிக்கலாம். தெரியாததால் அந்த அழுகை முடியவே இல்லை. படத்துக்கு மாலை போடவும் முடியாது, போடாமல் இருக்கவும் முடியாது. இதோடு இங்கே கழிந்த முப்பது, நாற்பது ஆண்டுகளின் சுமையும் சேர்கிறது: வேலை செய்து வாழ்ந்த மனிதர் வரிசையில் நின்று வாங்கும் மனிதராக ஆனது. சில ஆண்கள் அதைச் சாராயத்தில் கரைக்கப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களின் துயரம் தனிக்கதை.

முதியோரின் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பதினைந்து கேள்விகள் உள்ளன. ஆம், இல்லை என்று பதில் சொன்னால் போதும். பத்து நிமிடத்துக்குள் முடியும். அந்தக் கேள்விகளை எங்கள் முதியவர்களின் தமிழில் எழுதி, கைச்சுற்றளவை அளக்கும் அதே நாளில், அதே ஆள் கேட்கக் கோருகிறோம். கேட்பதற்கு ஆள் இல்லை என்று சொல்ல வேண்டாம். செவிலியமும் சமூகப்பணியும் உளவியலும் படித்துவிட்டு, குடிமக்கள் இல்லை என்பதால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் துணிக்கடையில் நிற்கும் பெண்கள் எங்களிடையே இருக்கிறார்கள். முகாமுக்கு இருவராக அவர்களைப் பயிற்றுவித்து, மாதச் சம்பளத்தோடு அமர்த்துங்கள். "மோனை" என்று தன்னை அழைக்கும் குரலுக்கு எப்படிப் பதில் சொல்வது என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலில் மனமும் சேர வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மாதம் ஒருமுறை முகாமுக்கு வர வேண்டும். மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும். 14416 என்ற மனநல உதவி எண் இருப்பதை அறிவோம். காது மந்தமான, கைபேசி இல்லாத ஒருவருக்கு அந்த எண்ணால் பயனில்லை. இன்னொன்று: சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்தால் உடம்பில் பி12 குறையக்கூடும். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், மறதி வரும், மனம் சோரும். அதை "வயசு" என்று தள்ளிவிடாமல், நீண்டகாலமாக மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பல் கட்டவும் கண்புரை அகற்றவும் முகாம்களிலேயே மருத்துவ நாள் வையுங்கள். கண் தெரியாதவரும் மெல்ல முடியாதவரும் சாப்பாட்டை வெறுப்பதில் வியப்பில்லை.

செக்கிங் நாள்

செக்கிங் என்று நாங்கள் சொல்லும் கணக்கெடுப்பு நாளில் ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவு வெட்டுப்படும், பணக்கொடை நிற்கும் என்ற பயம் முகாமில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பயத்தால் மூட்டுவலியோடு வெயிலில் காத்து நிற்கிறார்கள். மருத்துவமனையில் இரண்டு நாள் கூடுதலாக இருக்கச் சொன்னால், "செக்கிங் வருது" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள். எழுபது வயதைக் கடந்தவர்களை அவர்கள் வீட்டு வாசலில் போய்ப் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். நோய்க்காகவோ உறவினர் வீட்டுச் சாவுக்காகவோ வெளியே போன எந்த முதியவரின் பதிவும் நீக்கப்படக் கூடாது.

இதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. வந்த அன்று எந்த லாரியில் ஏற்றினார்களோ அந்த முகாம்தான் வாழ்நாள் முகாம் என்று ஆகிவிட்டது. அக்கா கும்மிடிப்பூண்டியில், தங்கை தூத்துக்குடி மாவட்டத்தில். தாய் பவானிசாகரில், மகள் புதுக்கோட்டையில். இடையில் பேருந்துக்கு ஆகும் பணம் ஒரு மாதப் பருப்புப் பணம். வயதான காலத்தில் மகளோடு, தங்கையோடு, ஊர்ச் சிநேகிதியோடு இருக்க விரும்பும் முதியவரை அவர் கேட்கும் முகாமுக்கு ஒரு மாதத்துக்குள் மாற்றித் தர வேண்டும். இதற்கு அரசுக்கு ஆகும் செலவு ஒரு கடிதம். எந்த மாத்திரையும் செய்யாததை அந்தக் கடிதம் செய்யும்.

யார் இவர்கள் என்ற கேள்வி

எங்களில் பலர் அகதியாகப் பதிவான மண்டபம் முகாம் அகதிகளுக்காகக் கட்டியது இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம் அது. எங்கள் முதியவர்களில் ஒரு பகுதியினர் அந்தத் தொழிலாளர்களின் வழிவந்த மலையகத் தமிழர். 1964 சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலை எண்ணி இரண்டு நாடுகளுக்கும் பங்கு போட்டது. 1977 கலவரத்தில் தோட்டத்திலிருந்து வன்னிக்கு ஓடினார்கள், பிறகு வன்னியிலிருந்து கடலுக்கு. பாட்டன் போன வழியிலேயே பேத்தி திரும்பிவந்து, அதே மண்டபத்தில் அகதி என்று பதிவானாள். அந்தப் பேத்திக்கு இன்று எழுபது வயது. "நான் எந்த நாடு, தம்பி?" என்று அவர் கேட்கும்போது நாங்கள் தலை குனிகிறோம்.

முகாம்களைச் சேர்ந்த இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில், 2019இல், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களைப் பெற்று 16 வாரங்களில் முடிவெடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டு இல்லாததற்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு 2025இல் விலக்கு அளித்தது. தண்டிக்க மாட்டோம் என்ற சொல் ஆறுதல் தருகிறது. ஆனால் எண்பது வயதுத் தாய் எதிர்பார்ப்பது "நீ எங்களவள்" என்ற சொல்லை. இந்திய வம்சாவளி முதியவர்களின் விண்ணப்பங்களை முன்னுரிமையோடு எடுத்து, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே முடிவு சொல்லுங்கள். இங்கேயே இருக்க விரும்பும் மற்ற முதியவர்களுக்கு நீண்டகாலத் தங்கல் அனுமதி கொடுங்கள்.

திரும்பிப் போக விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுவந்த காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பகுதி இன்னமும் இராணுவத்திடம் இருக்கிறது. அந்தக் காணிகளை உரியவர்களிடம் கொடுக்கவும், தேசிய அடையாள அட்டை தொலைத்தவர்களுக்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகம் முகாம்களுக்கே வந்து ஆவணம் வழங்கவும், திரும்பும் முதியவருக்கு அங்கே வீடும் ஓய்வூதியமும் மருத்துவமும் முதல் நாளிலிருந்தே கிடைக்கவும் இலங்கை அரசைக் கோருகிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். அந்தத் தாய்மாரின் பசியின்மைக்கு உங்களிடம் மட்டுமே மருந்து இருக்கிறது.

நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023இல் கப்பல் ஓடத் தொடங்கியது. சுற்றுலாப் பயணிகள் போய்வருகிறார்கள். எங்கள் முதியவர் போனால் திரும்பிவர முடியாது, பதிவு போய்விடும். பிள்ளைகளையும் பேரர்களையும் இங்கே விட்டு ஒருவழியாகப் போகும் துணிவு யாருக்கு வரும்? அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு, பதிவு இழக்காமல், மூன்று மாதம் வரை ஊருக்குப் போய்த் திரும்பும் அனுமதியை இரண்டு அரசுகளும் பேசி உருவாக்க வேண்டும். கோயில் திருவிழா பார்க்கலாம், கூடப்பிறந்தவரைக் கட்டிப்பிடிக்கலாம், பங்குக் கிணற்றில் ஒரு வாளித் தண்ணீர் அள்ளலாம். இங்கேயே கண்மூடினவரின் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைக்கப் பிள்ளை ஒருவருக்கும் அதே அனுமதி வேண்டும். எல்லா முகாமுக்கும் அருகில், யாரும் தடுக்காத சுடுகாடும் இடுகாடும் எழுத்துப்பூர்வமாக ஒதுக்கப்பட வேண்டும்.

முதல் அளவெடுப்பை மூன்று மாதங்களுக்குள்ளும், மத்தியானச் சமையலை ஆறு மாதங்களுக்குள்ளும் தொடங்கக் கோருகிறோம். எந்த முகாமில் எப்போது வந்து அளக்கிறீர்கள் என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். வேலைக்கு விடுப்புப் போட்டு நாங்கள் உடன் நிற்போம்.

இதன் கீழ் முகாம் முதியவர்கள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எழுத முடியாதவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த வரிசையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நாங்கள்.